தினமும் 100 கி.மீ. ஆபீஸ் பயணம்: ஹைப்ரிட் காரில் நிஜ மைலேஜ் எவ்வளவு வரும்?

செங்கல்பட்டில் வீடு, கிண்டியில் வேலை. ஜி.எஸ்.டி. சாலையில் போக வர ஏறத்தாழ 100 கி.மீ. மாருதியின் கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட் வாங்கினால் கம்பெனி சொல்லும் லிட்டருக்கு 27.97 கி.மீ. மைலேஜ் கிடைக்குமா, கூடுதலாகக் கொடுக்கும் பணம் திரும்ப வருமா என்பது உங்கள் கேள்வி.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். 28 வராது. ஏ.சி. போட்டு, போக்குவரத்தோடு சேர்ந்து சாதாரணமாக ஓட்டினால் 21 முதல் 24 வரை எதிர்பார்க்கலாம். ஆனாலும் உங்கள் பாதைக்கு இது பொருத்தமான வண்டிதான். தினமும் 100 கி.மீ. ஓடுகிறது என்பதால் இல்லை, அந்த 100 கி.மீ.க்குள் பெருங்களத்தூர், குரோம்பேட்டை நெரிசல் இருப்பதால்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஷோரூமில் 'ஸ்மார்ட் ஹைப்ரிட்' என்று ஒன்றைக் காட்டுவார்கள். அதில் இருப்பது ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்கு மின்சாரம் உற்பத்தி செய்யும் கருவி) வேலையையும் ஸ்டார்ட்டர் வேலையையும் சேர்த்துச் செய்யும் சின்ன மோட்டார். சிக்னலில் என்ஜினை அணைத்துத் திரும்ப எழுப்பும், கிளம்பும்போது கொஞ்சம் தள்ளிவிடும். அந்த மோட்டாரால் மட்டும் வண்டி ஒரு அடி நகராது. நீங்கள் கேட்பது ஸ்ட்ராங் ஹைப்ரிட். அதில் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல் என்ஜினும், தனியாகவே வண்டியை இழுக்கக்கூடிய 80 பி.எஸ். மோட்டாரும் உண்டு. டொயோட்டா ஹைரைடரிலும் இதே அமைப்புதான், இதே 27.97தான். இரண்டில் எது மைலேஜ் அதிகம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த 27.97 எங்கிருந்து வருகிறது? காரை உருளை மேல் நிறுத்தி, இந்திய ஓட்டச் சுழற்சி என்று வகுத்து வைத்திருக்கும் ஒரு வேக அட்டவணைப்படி ஓட்டிப் பார்ப்பதில் வருகிறது. மொத்தம் 1,180 விநாடி. உச்ச வேகம் 90, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும். நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நகர ஓட்டம்: நிற்பது, மெதுவாக எடுப்பது, மறுபடி நிற்பது. ஏ.சி. கிடையாது. எதிர்க்காற்று, மேம்பாலம், பின்னாலிருந்து ஹாரன் அடிக்கும் தண்ணீர் லாரி எதுவும் கிடையாது. ஹைப்ரிட்டுக்கு இதைவிடச் சாதகமான பரீட்சை அமையாது, ஏனென்றால் அவ்வளவு மென்மையாக வேகம் எடுத்தால் பெரும்பகுதியை மோட்டாரே முடித்துவிடும். ஆக அந்த எண் பொய்யில்லை, உங்கள் சாலைக்கு எழுதியதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் சாலையில் வண்டிக்குள் என்ன நடக்கும் என்று பார்ப்போம். மைலேஜ் எங்கே சேர்கிறது, எங்கே போகிறது என்பது அதில்தான் தெரியும்.

செங்கல்பட்டில் காலையில் கிளம்பியதும் முதல் சில நிமிடம் என்ஜின் ஓடியே தீரும். புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டர் சூடாக வேண்டும், ஆயில் சூடாக வேண்டும். நாலு கி.மீ. தள்ளி ஆபீஸ் இருக்கிறவர்களுக்கு ஹைப்ரிட் சரியாக மைலேஜ் தராததற்குக் காரணமே இதுதான். சூடேறுவதற்குள் இடம் வந்துவிடும். உங்களுக்கு அந்த நஷ்டம் 50 கி.மீ.யில் கரைந்துவிடுகிறது. தூரம் அதிகமாக இருப்பதால் மைலேஜில் கிடைக்கும் உண்மையான லாபம் இது ஒன்றுதான்.

பரனூர் சுங்கச்சாவடி தாண்டி மறைமலை நகர் வரை சாலை விட்டால் 80-இல் போவீர்கள். அப்போது என்ஜின் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சட்டென்று அணையும், திரும்ப லேசாக அழுத்தினால் சிறிது தூரம் மோட்டாரில் உருளும், அப்புறம் என்ஜின் வந்துவிடும். இந்தப் பகுதியில் நல்ல பெட்ரோல் கார் ஒன்றைவிட ஹைப்ரிட் பெரிதாக மிச்சம் பிடிக்காது. சீரான 80-இல் எல்லா என்ஜினும் ஓரளவு நன்றாகவே வேலை செய்யும்.

பொத்தேரியில் கூட்டம் சாலையைக் கடக்கும். கூடுவாஞ்சேரியில் வேகம் குறையும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்தபிறகு அங்கே பேருந்துகள் உள்ளே திரும்புவதும் வெளியே வருவதுமாக 20, 30-க்கு இறங்கிவிடும். வண்டலூர், பெருங்களத்தூர் என்று ஊர ஆரம்பித்ததும் ஹைப்ரிட் தன் சம்பளத்தைச் சம்பாதிக்கத் தொடங்குகிறது. என்ஜின் அணைந்திருக்கும், ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும் (அதன் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவது, பெல்ட்டில் இல்லை), வண்டி சத்தமில்லாமல் அடி அடியாக நகரும். சில நிமிடத்துக்கு ஒரு முறை என்ஜின் எழுந்து, பேட்டரியைக் கொஞ்சம் நிரப்பிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். பக்கத்தில் நிற்கும் சாதாரணப் பெட்ரோல் கார் ஏ.சி.யோடு சும்மா நின்றாலே மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும்.

விளம்பரங்களில் பிரேக் பிடித்தால் மின்சாரம் சேர்கிறது என்பதைத்தான் பெரிதாகக் காட்டுவார்கள். அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளோடு சேர்த்து 1,350 கிலோ எடையுள்ள வண்டி 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதில் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 0.05 யூனிட். முழுவதும் நிற்கும்வரை மென்மையாகப் பிரேக் பிடித்தால், பேட்டரிக்குப் போய் வரும்போது ஏற்படும் இழப்பெல்லாம் கழித்து அதில் பாதிக்குச் சற்று மேல் திரும்ப உபயோகத்துக்கு வரும். என்ஜின் வழியாக அதே வேலையைச் செய்ய வேண்டுமென்றால் சுமார் 10 மில்லி பெட்ரோல் செலவாகும். ஒரு நிறுத்தத்துக்கு 10 மில்லி. அப்படி இருபது முறை நின்றால் 200 மில்லி. நல்லதுதான், ஆனால் மைலேஜ் பெரும்பாலும் அங்கே வருவதில்லை. பெட்ரோல் என்ஜின் ஊர்ந்து போகும்போது படுமோசமாக வேலை செய்கிறது; எரியும் பெட்ரோலில் பத்தில் ஒன்றோ ஏழில் ஒன்றோதான் சக்கரத்துக்குப் போகும். ஹைப்ரிட் அந்த நிலையில் என்ஜினை ஓடவே விடாது. ஓட்டினால் நன்றாகச் சுமை கொடுத்து ஓட்டும், மிஞ்சுவதைப் பேட்டரியில் போடும், இல்லையென்றால் அணைத்துவிடும். இந்த வகை என்ஜினின் திறன் உச்சத்தில் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அந்த உச்சத்துக்குப் பக்கத்திலேயே அதை வைத்திருப்பதுதான் முழு சூட்சுமமும்.

பேட்டரி பெரியது என்று நினைக்க வேண்டாம். 0.76 யூனிட் மட்டுமே. ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட 9 யூனிட். அதாவது பேட்டரி முழுவதும் சேர்ந்தாலும் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதிலும் பாதி அளவைத்தான் வண்டி புழங்கும். டவுன் பஸ் கண்டக்டரின் தோள்பை மாதிரி: நாள் முழுக்கக் காசு வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும், எந்த நேரத்தில் பார்த்தாலும் உள்ளே பெரிதாக இருக்காது. அதனால்தான் 'இ.வி.' (மோட்டாரில் மட்டும் ஓட வைக்கும்) பட்டனை அடிக்கடி அழுத்திப் பேட்டரியைக் காலி செய்வதில் பயனில்லை. அந்த மின்சாரமும் பெட்ரோலிலிருந்து வந்ததுதான். காலி செய்தால் அடுத்த சிக்னலில் என்ஜின் ஓடித் திரும்ப நிரப்பும், நடுவில் இரண்டு தடவை இழப்பு. திரையில் 'இந்தப் பயணத்தில் 60 சதவீதம் மின்சாரத்தில்' என்று வருவதையும் மைலேஜாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது இதே சாலையில் தெற்கே ஒருவரை வைத்துக்கொள்வோம். திண்டிவனத்தில் வீடு, மகிந்திரா சிட்டியில் வேலை. அவரும் தினமும் உங்களைவிட அதிகமாகவே ஓட்டுகிறார், ஆனால் பெரும்பகுதி நான்கு வழிச் சாலையில் 90, 100 வேகம். அவருக்கு ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் 19, 20 வந்தால் அதுவே நியாயம். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-இல் இருப்பதைப்போல 100-இல் ஒன்றரை மடங்குக்கு மேல். அவ்வளவு சக்தியைப் பேட்டரி தர முடியாது, என்ஜின்தான் தர வேண்டும், அணைத்து வைக்கும் வாய்ப்பே வராது. அந்த ஆளுக்கு நான் ஹைப்ரிட் சொல்ல மாட்டேன். 1.5 லிட்டர் டீசல் ஒன்று அதே மைலேஜைக் கொஞ்சம் மலிவான எரிபொருளில் தரும், அல்லது மேனுவல் கியர் ஸ்மார்ட் ஹைப்ரிட்டே போதும். ஹோண்டா சிட்டி இ:ஹெச்.இ.வி. இந்த விஷயத்தில் சற்று வேறு. அதிலும் ஊருக்குள் மோட்டார்தான் இழுக்கும், என்ஜின் மின்சாரம் உற்பத்தி செய்யும். ஆனால் சீரான வேகத்தில் ஒரு கிளட்ச் விழுந்து என்ஜின் நேராகச் சக்கரத்தோடு இணைந்துகொள்ளும். செடான் என்பதால் காற்றையும் நன்றாகக் கிழித்துப் போகும். நெடுஞ்சாலை பாதிக்கு மேல் இருக்கிறவர்கள் எஸ்.யு.வி. ஆசையை விட்டுவிட்டு அதையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம்.

ஏ.சி.யைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மே மாதம் வாங்கியவர் ஒரு எண்ணும் டிசம்பரில் வாங்கியவர் இன்னொரு எண்ணும் சொல்லிச் சண்டை போட்டுக்கொள்வார்கள். வண்டி குளிர்ந்தபிறகு ஏ.சி. சராசரியாக 800 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். காலி சாலையில் 50 கி.மீ.யை 40 நிமிடத்தில் கடந்தால் அரை யூனிட்தான் செலவு. அதே தூரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனால் 1.6 யூனிட். இந்த என்ஜின் ஒரு லிட்டரில் சுமார் 3 யூனிட் மின்சாரம் எடுக்கும் என்பதால், நெரிசலான நாளில் ஒரு போக்குக்கு ஏ.சி. மட்டுமே அரை லிட்டர் குடித்துவிடுகிறது. மொத்தச் செலவே இரண்டு லிட்டரைச் சுற்றி இருக்கும்போது இது பெரிய பங்கு. அதற்காக வேர்த்து வழிய ஓட்டச் சொல்லவில்லை. 18-இல் வைத்து நடுங்காமல் 24, 25-இல் வையுங்கள். வெயிலில் நின்ற வண்டி என்றால் கண்ணாடியை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டி சூட்டை வெளியேற்றிவிட்டு அப்புறம் ஏ.சி.யைப் போடுங்கள். பல ஹைப்ரிட் கார்களில் பேட்டரியைக் குளிர வைப்பதும் கேபின் காற்றுதான். அந்தக் காற்று உள்ளே போகும் துளை எங்கே இருக்கிறது என்று டெலிவரி எடுக்கும்போதே கேட்டுவைத்துக்கொண்டு, அதன்மேல் பை, துண்டு எதையும் போட்டு அடைக்காமல் இருக்க வேண்டும்.

சரி, பணக் கணக்கு. 2022-இல் வண்டி வந்தபோது ஸீட்டா என்ற ரகத்தில் ஸ்மார்ட் ஹைப்ரிட் ஆட்டோமேட்டிக் 15.39 லட்சம், ஸீட்டா பிளஸ் ஸ்ட்ராங் ஹைப்ரிட் 17.99 லட்சம், இரண்டும் எக்ஸ்-ஷோரூம். விலைகள் அப்புறம் மாறிவிட்டன, ஆகவே இன்றைய ஆன்ரோடு வித்தியாசத்தை நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் 3 லட்சம் என்று வைக்கிறேன். வார இறுதி ஓட்டமும் சேர்த்து வருடத்துக்கு 30,000 கி.மீ., பெட்ரோல் 100 ரூபாய். உங்கள் பாதையில் ஸ்ட்ராங் ஹைப்ரிட் 22 கொடுத்தால் 1,364 லிட்டர். ஸ்மார்ட் ஹைப்ரிட் ஆட்டோமேட்டிக் 14 கொடுத்தால் 2,143 லிட்டர். வித்தியாசம் ஏறத்தாழ 78,000 ரூபாய். நாலு வருடத்துக்குள் போட்ட பணம் வந்துவிடும். திண்டிவனத்துக்காரருக்கு அதே 30,000 கி.மீ.யில் 20-க்கு 17 என்று வைத்தால் மிச்சம் 26,500 ரூபாய்தான், 3 லட்சம் திரும்பப் பதினோரு வருடம் ஆகும்.

இந்த இடத்தில் பலர் சறுக்குவார்கள். மைலேஜ் எண் எவ்வளவு கூடியது என்று பார்ப்பார்கள், லிட்டர் எவ்வளவு குறைந்தது என்று பார்க்க மாட்டார்கள். வருடம் 30,000 கி.மீ.க்கு மைலேஜ் 10-லிருந்து 15 ஆனால் மிச்சம் 1,000 லிட்டர். 20-லிருந்து 28 ஆனால் 429 லிட்டர்தான், எட்டு கி.மீ. கூடியிருந்தாலும்! இப்போது உங்களிடம் இருப்பது 10, 11 கொடுக்கும் பழைய எஸ்.யு.வி. என்றால் எதற்கு மாறினாலும் லாபம். ஏற்கெனவே 18 கொடுக்கும் சின்ன கார் என்றால் மைலேஜுக்காக மட்டும் மாறுவதில் அர்த்தமில்லை.

சராசரி எடுப்பதிலும் இதே சிக்கல் உண்டு. போகும்போது 20, வரும்போது 28 என்றால் சராசரி 24 இல்லை, 23.3. மொத்த கி.மீ.யை மொத்த லிட்டரால் வகுங்கள், அதுதான் கணக்கு. டேஷ்போர்டு எண் வழக்கமாகச் சற்றுத் தாராளமாகவே காட்டும். எனவே டேங்க் நிரப்பிக் கணக்குப் பாருங்கள்: ஒரே பங்க், ஒரே பம்ப், முதல் தடவை நாசில் தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிட வேண்டும். 'ரவுண்டா போட்டுடவா சார்' என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள்; அந்த ரவுண்டில்தான் கணக்கு கெடுகிறது. ஒரு டேங்கில் முடிவு கட்டாமல் நாலைந்து டேங்க் சேர்த்துப் பாருங்கள்.

ஏறத்தாழ எல்லா பங்கிலும் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. எனவே சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஒரு லிட்டரில் ஆறு, ஏழு சதவீதம் குறைவாகவே ஆற்றல் உங்களுக்கு வருகிறது. கலப்பு குறைவாக இருந்த 2022, 2023-இல் ஒருவர் 25 எடுத்தேன் என்று சொன்னால் இன்று அதே எண்ணை வைத்து உங்கள் வண்டியில் குறை இருப்பதாக நினைக்க வேண்டாம்.

ஓட்டும் முறையில் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். தூரத்தில் சிக்னல் சிவப்பாகத் தெரிந்ததும் காலை எடுத்து, லேசாக, நீளமாகப் பிரேக் பிடியுங்கள். கடைசி நேரத்தில் ஓங்கி மிதித்தால் சாதாரணப் பிரேக்தான் வேலை செய்யும், ஆற்றல் சூடாகப் போய்விடும். வேகம் எடுக்கும்போது ஆமை மாதிரிப் போகத் தேவையில்லை. போக்குவரத்தோடு சீராக எடுத்து, வேண்டிய வேகம் வந்ததும் காலைத் தளர்த்துங்கள். டயர் காற்று கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளபடி. கியரில் 'பி' (B, என்ஜினின் தடையால் வேகத்தைக் கட்டுப்படுத்தும்) நிலையை மலை இறக்கத்துக்கு மட்டும் வையுங்கள். கோத்தகிரியிலிருந்து இறங்கினால் அந்தச் சின்னப் பேட்டரி பாதி வழிக்குள் நிரம்பிவிடும், அப்போது அது தேவைப்படும். ஜி.எஸ்.டி. சாலையில் அதற்கு வேலை இல்லை.

இன்னொன்று, விற்பனையாளர் பேட்டரிக்கு 8 வருட வாரண்டி என்று அழுத்திச் சொல்வார். முழு வாசகம் 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துகிறதோ அது. வருடம் 30,000 ஓட்டும் உங்களுக்கு அது ஐந்தரை வருடத்துக்கும் குறைவான காலத்தில் முடிந்துவிடும். இந்தப் பேட்டரிகள் முழுதாகக் காலியாகாமலும் முழுதாக நிரம்பாமலும் நடுவிலேயே புழங்குவதால் நீண்ட நாள் உழைப்பவைதான், நான் அதற்குப் பயப்பட மாட்டேன். ஆனால் பத்து வருடம் வைத்திருக்கும் எண்ணம் இருந்தால் வாரண்டிக்கு வெளியே பாதிக் காலம் என்பதைத் தெரிந்தே வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. வீட்டில் சொந்தப் பார்க்கிங்கும் சார்ஜ் பாயின்ட் போடும் வசதியும் இருந்தால், தினமும் ஒரே 100 கி.மீ. என்பது மின்சாரக் காருக்கு அளவெடுத்துத் தைத்த ஓட்டம். சார்ஜிங் இழப்பு சேர்த்து 17 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்று கூட்டியே வைத்தாலும் 170 ரூபாய். ஹைப்ரிட்டில் அதே 100 கி.மீ.க்கு 455. இரண்டு மாதக் கரண்ட் பில்லில் 800 யூனிட் கூடுதலாக ஏறி மேல் சிலாபுக்குப் போகும் என்பதால்தான் 10 ரூபாய் போட்டேன். அபார்ட்மென்ட்டில் சங்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டும், அடிக்கடி ஊருக்கு வேறு போக வேண்டும் என்றால் ஹைப்ரிட் நிம்மதி. (செங்கல்பட்டு–கிண்டி மின்சார ரயில் இரண்டையும்விட மலிவு. அதை ஏற்கெனவே யோசித்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.)

ஹைப்ரிட்தான் என்று முடிவுக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமை காலி சாலையில் டெஸ்ட் டிரைவ் எடுக்காதீர்கள். வேலை நாளில் காலை எட்டரை மணிக்குக் கேளுங்கள், கொஞ்சம் முனகுவார்கள், விடாதீர்கள். வண்டலூரிலிருந்து குரோம்பேட்டை வரை ஏ.சி. போட்டு, நீங்கள் தினமும் ஓட்டுகிற மாதிரியே ஓட்டுங்கள். கிளம்பும் முன் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்து, பேட்டரி எத்தனை கோட்டில் இருக்கிறது என்று பாருங்கள். முடியும்போதும் அதே கோட்டில் இருந்தால்தான் திரையில் வரும் எண்ணுக்கு மதிப்பு. நிரம்பிய பேட்டரியோடு கொடுத்துக் காலியாகத் திரும்ப வாங்கினால் 30-கூடக் காட்டும்.